மடிக்குக் கட்டணம் இல்லை

தம்பி பிறந்ததும் ஒரு குழந்தை அழுகையையே விட்டுவிட்டால், அது நல்லதா? புதூர்நாட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

திருப்பத்தூரில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடும் மூன்று வயது மலரோடும் கிளம்பினேன். கணவர் மலைமேல் இருக்கும் இந்தப் புதூர்நாட்டில் ஆசிரியர். காலை ஏழு மணிக்கே ஜீப் நிரம்பிவிட்டது. ஆளுக்கு இரண்டு ரூபாய்.

"மடியில குந்துற புள்ளைக்குக் காசு வேணாங்க. ஆனா ஒரு மடிக்கு ஒண்ணுதான்!" என்றார் டிரைவர்.

என் மடியில் தம்பி. புளி விற்றுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாள் மலரைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இன்னா கண்ணு, அம்மாகிட்ட போவலியா?"

"அங்க தம்பி இருக்கான்ல."

"அய்ய, பெரிய மனுஷி!" ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். 'நீ பெரிய பொண்ணு, அழக்கூடாது, மடி இனித் தம்பிக்கு' என்று தம்பி பிறந்த அன்றே சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

எட்டரை மணிக்கு ஒரு வளைவில் இன்ஜின் சூடாகி நின்றது. சாலையோர மதில்மேல் ஒரு தாய்க்குரங்கு. மார்பில் புதுக் குட்டி. முந்தைய குட்டி முகத்தை நுழைத்தது. தாய் கையால் தள்ளியது. அது கீச்சென்று கத்தித் தரையில் புரண்டது. மறுபடி வந்தது, மறுபடி தள்ளப்பட்டது. மூன்றாம் முறை முதுகுப் பக்கமாக ஒண்டியது. தாய் மெல்ல ஒரு கையைத் தூக்கி இடம் விட்டது.

"ரெண்டும் அதோட புள்ளதானே, எங்க போவும்?" என்றார் டிரைவர், தண்ணீர் ஊற்றியபடி.

மலர் வெகுநேரம் பார்த்தாள். "அழக்கூடாதுன்னு அதுக்கு யாருமே சொல்லலியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

பத்து மணிக்குப் புதூர்நாடு. இறங்கியதும் தம்பியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மலரை நோக்கி இரு கைகளையும் நீட்டினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். ஜீப்பில் இருந்த தம்பியின் துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து, நீட்டிய என் கைகளில் வைத்தாள்.

குரங்குக்குட்டி கத்தித் தன் இடத்தை வாங்கிக்கொண்டது. என் மகளுக்கோ கத்தவே தெரியாமல் செய்துவிட்டேன். இரண்டு பிள்ளை வளர்த்த வாசகர்களே, கேட்பதை நிறுத்திவிட்ட குழந்தையை மறுபடி மடிக்கு அழைப்பது எப்படி? தெரிந்தால் எழுதுங்கள்.