முப்பத்திநாலா, இருபத்தெட்டா?

இன்றைக்கும் ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியின் சத்தம் திடீரென்று கிறீச்சிட்டு உயர்ந்தால் நான் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே சந்தாபுராவைத் தாண்டி ஒரு பொட்டலில் பார்த்ததுதான் காரணம்.

எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். ஹெப்பகோடித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் அண்ணன், பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் இன்ஜினை வைத்து, நாலு சக்கரம் போட்டு, மண் பந்தயத்துக்கு ஒரு வண்டி கட்டினான். கட்டியது அவன், ஓட்டப்போவது நான். தசரா முடிந்ததும் பந்தயம். "பொண்ணா ஓட்டுது?" என்று இளித்தவர்கள் முகத்தில் கரியைப் பூசியே தீருவது என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

சண்டை, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் வந்தது. எங்கிருந்தோ முப்பத்திநாலு எம்.எம். வாய் உள்ள ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். நேர்ப்பாதையில் வண்டி பறந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வளைவில் வேகத்தைக் குறைத்து மறுபடி முறுக்கினால், சோறு அடைத்த மாதிரி விக்கியது. வாய் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்று மந்தமாக வரும். பெட்ரோலை ஒழுங்காக இழுக்காது. எங்கள் இன்ஜினுக்கு இருபத்தெட்டு தாராளம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். போதாக்குறைக்கு அந்தப் பெரிய கார்புரேட்டருக்குப் பின்னால், தூசி தும்பு போகாமல் தடுக்கும் ஏர் ஃபில்டர் வைக்க இடமே இல்லை. அது வாயைப் பிளந்தபடியே இருந்தது.

ஆயுதபூஜை அன்று காலை அம்மா வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை போட்டாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பிறகு மாலையைக் கழற்றிவிட்டு, வண்டியை டெம்போவில் ஏற்றிப் பொட்டலுக்குப் போனோம்.

நான் ஏறி உட்கார்ந்ததுமே மறுபடி ஆரம்பித்தேன். "இந்த முப்பத்திநாலோட நான் ரேஸுக்கு வரமாட்டேன், போ!"

"நீ பயந்துகிட்டு ஆக்ஸிலேட்டர விடுறே. வண்டி மேல பழி போடாதே. இறங்குடி, நான் காட்டுறேன்!"

இறங்கினேன். அவன் ஏறினான்.

நேர்ப்பாதை முடிகிற இடத்தில் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை! ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டான், கை விரிந்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டி விடவில்லை. இன்ஜின் அலறியது. எதிரே வீடு கட்ட அடுக்கிவைத்த கல். இன்ஜினை அணைக்கும் பட்டன் கட்டைவிரல் பக்கத்திலேயே இருந்தும் அவனுக்குத் தோன்றவில்லை. கடைசி நொடியில் குதித்தான். வண்டி கல்லில் மோதிக் கவிழ்ந்து அடங்கியது.

கால் இரண்டும் மண்ணில் புதைந்த மாதிரி நின்றேன். எங்கிருந்தோ ஒருவர் "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே ஓடிவந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அண்ணன் புழுதியில் எழுந்து உட்கார்ந்திருந்தான். வலது கை தொங்கியது.

கவிழ்ந்த வண்டியில் கார்புரேட்டரின் திறந்த வாயைப் பார்த்தேன். உள்ளே நசுங்கிய சாமந்தி, நாரோடு. வேகத்தைக் குறைக்கக் கீழே இறங்க வேண்டிய தகட்டை அதுதான் இறங்கவிடாமல் பிடித்திருந்தது. சீட்டுக்கு அடியில், இன்ஜினை ஒட்டி, மிச்சச் சரம் தொங்கியது. அம்மா அங்கேயும் பூ செருகியிருக்கிறாள்! நாங்கள் மாலையை மட்டும்தான் பார்த்தோம்.

அண்ணன் பூவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீயா இருந்தா குதிச்சிருப்பியாடி?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதான். நான் அவன் இடது தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் சாமி! நல்லவேளை, இன்ஜினுக்குன்னு தனியா ஒரு முழம் வெச்சேன். அந்தப் பூதான்டா உன்னை உசுரோட கொண்டுவந்து சேர்த்திருக்கு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் இடது கையால் என் மணிக்கட்டை அழுத்தினான்.

"ஆமாம்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இருபத்தெட்டே மாட்டிடலாம். ஃபில்டரோட" என்றான்.

"எதையாவது மாட்டுங்க. நீ ஓட்டுறன்னிக்கு இன்ஜினுக்கு ரெண்டு முழமா வெச்சிடுறேன்" என்று அம்மா என் கன்னத்தைத் தடவினாள்.

"வேணாம்மா!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அலறினோம்.