மூன்று விழாவும் ஒரு மகுடக் கடையும்

அடுத்தவர் தலையில் மகுடம் வைக்கிற தொழிலில் நம் தலைக்கு மிஞ்சுவது வலி மட்டும்தான். கூட்டத்தில் கால் மிதிபட்டு, செருப்பைத் தொலைத்து வீடு திரும்பிய சொந்தங்களே, உங்களுக்கு இது புரியும்!

மலாயா சுதந்திரம் வாங்கப்போகிற சமயம். மலாக்காவில் எங்கே விழா நடந்தாலும் எங்கள் போட்டோக் கடை அங்கே போய்விடும். நான் ராஜா, ராணி, தளபதி வேஷம் கட்டிவிடுவேன். எங்க வீட்டுக்காரர் படம் எடுப்பார். அந்த வருஷம் அவர் ஒரு குண்டைப் போட்டார்: "பொருட்காட்சியில பழைய மலாக்கா வேஷப் போட்டி வருது. அதுல உன் உடுப்பு ஜெயிக்கலேன்னா கடையை மூடிட்டு எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணி வேலைக்குப் போயிடுவேன்." எனக்கு இந்தக் கடைதான் உயிர். எஸ்டேட்டில் உட்கார்ந்து நான் ரப்பர் மரத்துக்கா மகுடம் வைப்பேன்?

கோயில் விழா: எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது?

புதிதாகப் போகிறவர்கள் எல்லா விழாவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். காஜா பேராங் மாரியம்மன் திருவிழாவில் பக்தி முதலில், வேஷம் அப்புறம். ஒரு அம்மாள் ஆசை ஆசையாக ராணி வேஷம் கட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்காரப் போனவர் சட்டென்று எழுந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் கோயில்! அம்மனுக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்ள மாட்டாராம்.

அரண்மனைத் திரை, நாற்காலி, கேமரா எல்லாவற்றையும் அப்படியே திருப்பினோம். திரை ஒருமுறை என் தலையிலேயே விழுந்தது. கடைசியில் அம்மாள் கோயிலைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்தார். "இப்ப எங்க வீட்டுக்காரர்தானே அம்மனுக்கு முதுகு காட்டிட்டு நிக்கிறார்?" என்று கேட்டேன். "அது அவர் பாடு, அம்மன் பாடு. நீ என் மகுடத்தை நேரா வை" என்றார்.

கடற்கரை விழா: எல்லோருமே தளபதி

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் முஸ்லிம்களின் சஃபர் மாதக் குளியல் விழா நடக்கும். அலங்கரித்த மாட்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அடடா, என்ன கலகலப்பு! அங்கே பக்தி பற்றிக் கவலை இல்லை, காற்றுதான் கவலை. ஒட்டு மீசை பறக்கும், மகுடம் உருளும், ஈரத் துணியோடு வந்து என் வெல்வெட் சட்டைக்குள் புகுந்துகொள்வார்கள்.

எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கோஷ்டியில் அத்தனை பேரும் தளபதி ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே தளபதி உடுப்பு. "ஒருத்தர் தளபதி, மத்தவங்க சிப்பாய். அதுதான் முறை!" என்று கத்திவிட்டேன். கொஞ்சமும் கோபப்படாமல் ஒருத்தர் சொன்னார்: "தினமும் கங்காணி முன்னால சிப்பாயாத்தானே நிக்கிறோம், இங்கேயுமா அக்கா?"

பொருட்காட்சி: சுல்தான் தயாராகிறார்

டவுன் திடலில் நடந்த பொருட்காட்சி வேறு ரகம். அங்கே சாமியும் இல்லை, கடலும் இல்லை, கூட்டம்தான் ராஜா. குடை ராட்டினம், பலூன், ஒலிபெருக்கி என்று காது கிழியும். போட்டிக்கு நான் தேர்ந்தெடுத்த ஆள், பெண்டஹாரா தெரு ஜவுளிக்கடை ஹமீது பாய். ஜரிகையை அவரே கொடுத்தார். ராத்தூக்கம் கெட்டு சுல்தான் அங்கி தைத்தேன். போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கே கும்பிடத் தோன்றியது.

எல்லாம் சரி, கையில் பளபளவென்று கைக்கடிகாரம்! கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன், என் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்றேன். பாய் மேடைப் படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "சுல்தானுக்கு மணி தெரிய வேண்டாமா, தங்கச்சி?"

மேடையில் வந்த மாமா

ஹமீது பாய் நடந்தார், கூட்டம் ஆரவாரித்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே குதித்தேன். அப்போதுதான் மேடையின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் விறுவிறுவென்று வந்தார். மடித்துக் கட்டிய தலைப்பாகை, நீளச் சட்டை, கட்டம் போட்ட சாரம், தோளில் துண்டு. அப்படியே பழைய மலாக்கா! கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசு அவருக்கே.

அவர் கம்போங் செட்டிக்காரர், பல நூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து மலாக்காவிலேயே தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். அவர்களுக்கும் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். சொந்தக்காரர் கல்யாணத்தை முடித்துவிட்டு அதே உடுப்போடு வந்தவர், ராட்டினத்துக்குக் குறுக்கு வழி என்று மேடையில் ஏறிவிட்டார். மாலை போட வந்தவர்களிடம் மலாயில் தவித்தார்: "போட்டியா? நான் என் சம்சாரத்தைத் தேடிக்கிட்டு இருக்கேன்!"

எனக்கு அழுகை முட்டியது. எங்க வீட்டுக்காரர் கேமரா முக்காலியை மடக்க ஆரம்பித்தார். மறுநாள் சாமான் ஏற்ற லோரிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் லோரிக்கு முன்னால் வந்து நின்றது கம்போங் செட்டி! பரிசு வாங்கிய மாமா, தொலைந்து கிடைத்த அவர் சம்சாரம், கல்யாணப் பெண், மாப்பிள்ளை, சொந்தபந்தம் எல்லோரும் அவரவர் கல்யாண உடுப்பில். "எங்க துணிக்கு ஊரே கை தட்டுதே! இப்படியே படம் எடுங்க" என்றார்கள். வரிசை ராட்டினம் வரைக்கும் போனது.

எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கிராணி வேலைக்கு அவங்க வேற ஆளைப் பார்த்துக்கட்டும். நீ ஓடிவந்து மாமா தலைப்பாகையைச் சரி பண்ணு" என்றார். சந்தோஷத்தில் ஓடினேன். மாமா என் கையை மெல்லத் தள்ளிவிட்டார்: "இதை நாங்களே கட்டிக்குவோம், நீ போய்க் கூட்டத்தை ஒதுக்கும்மா."

ஆகவே, புதிதாக விழாவுக்குக் கிளம்பும் சொந்தங்களே, மகுடம் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், பரிசு வேண்டுமென்றால் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.