கட்டிலோடு பூட்டிய கை

வார்டில் அவளுக்குக் கறார் நர்ஸ் என்று பெயர். அசைய முடியாதவர்களை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அந்த விஷயத்தில் டாக்டரே குறுக்கே வந்தாலும் அவள் விடமாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் போன பிறகு தம்பியை ஆளாக்குவதிலேயே வயது போய்விட்டது.

அந்தத் தம்பியைத்தான் ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்து இரண்டு காலையும் முறித்துவிட்டான். அடித்தவன் போலீஸுக்குத் தப்பி ஓடும்போது மாடியிலிருந்து விழுந்து, இடுப்பு நொறுங்கி, எலும்பு வார்டில் தம்பி கிடந்ததால், அவள் வார்டுக்கே வந்து சேர்ந்தான்.

காலையில் அவனைப் புரட்டப் போனவள் நின்றுவிட்டாள். அவன் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். மணிக்கட்டு வீங்கி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

காவலுக்கு இருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு ஜட்ஜ் உத்தரவு இருக்கா?"

"உத்தரவு என்னக்கா உத்தரவு! உங்க தம்பி காலை உடைச்சவன். கிடக்கட்டும் விடுங்க."

"இடுப்பு உடைஞ்சவன் எங்க ஓடுவான், கட்டிலையும் தூக்கிட்டா? உத்தரவு இருந்தா காட்டுங்க. இல்லன்னா அவுருங்க."

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

அவளுக்கு அந்த நீல விரல்களைப் பார்க்க ஒரு கணம் மனம் நிறைந்துகூட இருந்தது.

"பிடிக்காதவனுக்கு ஒரு சட்டம்னு ஆரம்பிச்சா, யாரைப் பிடிக்கலைன்னு யார் சொல்றது? நீங்களா, நானா? சாவியை எடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். ஆயாவைத் துணைக்கு வைத்து அவனைப் புரட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூச்சை இழுத்துப் பிடி" என்றதோடு சரி, அவளும் வேறு பேசவில்லை.

எலும்பு வார்டுக்கு அவள் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. தம்பியின் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது.

"அவன் கையை அவுத்து விட்டியாமே?"

"ஆமா."

"நீ எனக்கு அக்காவா, அவனுக்கு அக்காவா?"

"அவனுக்கு நான் நர்ஸ். தண்டனை கொடுக்கிறது ஜட்ஜ் வேலை. நான் கொடுக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்டா."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனையும் புரட்டும் நேரம் ஆகியிருந்தது. அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். அவன் தட்டிவிடவில்லை. வழக்கம்போல் கட்டில் கம்பியைப் பிடித்து உதவவும் இல்லை. முழுப் பாரத்தையும் அவளே புரட்டினாள்.