காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள், கையைத் தூக்கினேன்

பழவேற்காட்டிலிருந்து கிளம்பிச் சென்னையில் விமானம் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. கைபேசியில் ஒரே விரலால் தட்டுகிறேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

போன தை மாதம் என் தங்கை மகளுக்கு அந்தமான் போர்ட் பிளேரில் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனால்தான் எங்களில் பெண் மணவறை ஏறுவாள். தங்கைக்கு அண்ணன் தம்பி என்று இருப்பவன் நான் ஒருவன்தான். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும் என்று தங்கை வீட்டுக்காரரே விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை விமானம்.

அந்தச் சமயம் பார்த்து எங்கோ வெளிநாட்டில் பறவையிடமிருந்து மனிதருக்கு ஒரு புதுக் காய்ச்சல் வந்துவிட்டதாகவும், அது உலகம் முழுக்கப் பரவலாம் என்றும் டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் நானும் என் மனைவி அஞ்சலையும் பொன்னேரிக்குப் புறப்பட்டோம். பதினெட்டு கிலோமீட்டர். திருப்பாலைவனம் தாண்டி வெளிச்சம் வந்ததும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். "வாயில படிக்காதய்யா, மனசுல படி. பஸ்ஸு பூரா கேக்குது" என்றாள் அஞ்சலை. பொன்னேரியில் மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ரயில். மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுவிடுகிறது. ஆட்டோவுக்கு அலைய வேண்டாம்.

அங்கே போனால் ஒரே கூட்டம். காய்ச்சல் பயத்தில் பாதிப் பேர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்களாம். காலி விமானம் ஓட்டினால் கட்டாது என்று காலை விமானத்தையும் மத்தியான விமானத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது ஆட்கள் அதிகம், இருக்கை குறைவு. முகத்தில் மாஸ்க் போட்ட ஒரு பெண் வரிசை ஓரமாக நடந்து வந்து, "யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவன் இடத்தை ஒருவரும் தொட மாட்டார்கள். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருப்பவனுக்குத்தான் முறை போகும்.

ஆகா, இவர்களும் பாடு வைக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "எனக்கு இருந்துச்சிம்மா" என்று கையைத் தூக்கினேன். போதாததற்கு அஞ்சலையின் கையையும் பிடித்துத் தூக்கினேன்.

எங்களைச் சுற்றி ஒரு வலை உலர்த்துகிற அளவுக்கு இடம் காலியானது.

எங்களை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஊரில் கல்லறை கட்டி வைத்துவிட்டுப் போன டச்சுக்காரர்கள் காலத்தில், காய்ச்சல்காரன் இருக்கிற கப்பலைக் கரைக்கு விடாமல் தள்ளி நிறுத்துவார்களாம். அந்தக் கப்பல் மாதிரி உட்கார்ந்திருந்தோம். வெளியே வரிசையில் நின்றவர்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தார்.

"காய்ச்சல் எப்போ வந்தது ஐயா?"

"ஐப்பசி மழையிலம்மா."

"இப்போ தை. அதுக்கு ஏன் கை தூக்கினீங்க?"

"முறை போயிடக் கூடாதேன்னு."

பாடு என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரி, பறவைகள் பக்கத்துல போனீங்களா?"

"டெய்லியும்மா. ஏரி பூரா பூநாரைதான். மொத்தமா எழும்புனா மானமே செவந்துடும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுய்யா" என்றாள் அஞ்சலை. "நீ இன்னா கோர்ட்டுல சாட்சி சொல்லவா வந்த? நாளைக்குப் பொண்ணு மணவறை ஏறணும். இவுரு நாரை கணக்கு சொல்லிக்கினு கீறாரு."

"செத்த பறவையைத் தொட்டீங்களா?"

"இல்லம்மா. உயிரோட இருக்கறதே கிட்ட போனா பறந்துடும்."

காய்ச்சல் பார்த்தார், மூச்சு பார்த்தார், யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் ஒன்றுமில்லை, போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஓடினோம். அதற்குள் எங்கள் இருக்கையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மாஸ்க் போட்ட அதே பெண் கணினியைப் பார்த்துவிட்டு, கண்ணாடி அறையில் எங்களைப் பார்த்த ஒரு குடும்பம் பயந்துபோய்ப் பயணமே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் இடம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அவர்கள் இதைப் படித்தால் சொல்லிக்கொள்கிறேன்: எங்களுக்குக் காய்ச்சல் இல்லை. ஜன்னல் இருக்கை நன்றாக இருந்தது.

விமானப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சாப்பாடு, தண்ணீர் எதுவும் தரவில்லை. காய்ச்சல் காலத்தில் யாரும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாதாம்.

கல்யாண வீட்டில் நான் முகம் கழுவி வருவதற்குள் அஞ்சலை கண்ணாடி அறைக் கதையை மொத்தமாகச் சொல்லி முடித்திருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முகூர்த்த நேரத்தில், "அவர் அந்தத் தூணாண்டையே நிக்கட்டும். வேற யாராவது கூட்டினு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். பாதிக்கு மேல் இங்கிலீஷ். அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

கல்யாணப் பெண் மாலையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தூணுக்கு வந்தாள். "மாமா, நேரம் ஆவுது. கையக் குடு" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்காக மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கூட்டிப் போனேன். கல்யாணப் படத்தில் என் கண் மட்டும்தான் தெரிகிறது. சிரிக்கிறேன் என்பது அதிலேயே தெரிகிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு: காய்ச்சல் செய்தி வருகிற நாட்களில் விமான நேரம் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும் முன் போன் செய்து கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கல்யாணம் காட்சி என்றால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். இன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஐப்பசியில் வந்ததை ஐப்பசியோடு விட்டுவிடுங்கள். மனைவியின் கையைத் தூக்குவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.