வட்டவளையில் முதல் கையெழுத்து

வட்டவளை ஸ்டேஷனில் மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூட்டுறவுக் கடை தொடங்குவதற்கான மனுவோடு வெளியூரிலிருந்து வந்து காத்திருக்கிறேன். கையெழுத்திடப் பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் மாரியாயி மட்டும் நனைந்தபடி வருகிறார். மேடையின் மறுகோடியில் தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் அதிகாரியான கண்டாக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“மத்தவங்க எங்கம்மா?”

“பயந்துட்டாங்கய்யா. கையெழுத்துப் போட்டா தோட்டத்து லய வீட்ட விட்டு வெரட்டிருவாங்களாம்.”

“அப்ப நீங்களும் போட வேணாம். நான் ரயிலேறிப் போயிருவேன், நீங்க இங்கதானே இருக்கணும்.”

“அதனாலதான் போடுறேன். எம் பேரு மொதல்ல இருந்தா அவங்களும் போடுவாங்க.”

எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதுகிறார். கண்டாக்கு எங்களை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். ரயில் வந்து நிற்கிறது.

“ஏறுங்கய்யா, சீக்கிரம்!”

மனுவை மடியில் மறைத்துக்கொண்டு ஏறுகிறேன். ரயில் நகரும்போது எட்டிப் பார்க்கிறேன். மாரியாயி ஓடவில்லை, கண்டாக்குக்கு எதிரே நடந்து போகிறார்.