கோணேஸ்வரி தெரிவுசெய்த சன்னம்

கோணேஸ்வரி ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. இடுப்பில் துப்பாக்கியோடு அவள் வங்கி வாசலில் இறங்கினால், அங்கே நிற்கும் எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள். நான் நவரட்ணம், அவளுடைய வானுக்குச் சாரதி. ரொறன்ரோவின் வோபர்ன் தொடக்கம் வடக்கே ஸ்ரௌவ்வில் வரை வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணப்பைகளை ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. கனடாவில் நினைத்தவரெல்லாம் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிய முடியாது. எங்களைப் போன்ற சிலருக்குத்தான், அதுவும் வேலை நேரத்தில், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அனுமதி. அந்த அனுமதிக்கான பரீட்சையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் தேறியவள் அவள். திருகோணமலைக்காரி. பிடிவாதத்துக்குக் குறைவில்லை.

2009 சித்திரையில் கொம்பனி எங்களுக்குச் சின்னப் பிஸ்டல்கள் தந்தது. குளிர்ச்சட்டைக்குள் வெளியே தெரியாமல் அடங்கும், கையும் நோகாது. பிஸ்டல் வந்துவிட்டது, அதற்குள் எந்தச் சன்னத்தைப் போடுவது என்பதுதான் சிக்கல். ஊரில் துப்பாக்கிக் குண்டை நாங்கள் சன்னம் என்போம். மேற்பார்வையாளர் நீக்கிலாஸ், அவரும் தமிழர்தான், இரண்டு வகையை மேசையில் வைத்தார். ஒன்று முழுவதும் செம்பால் மூடிய கடினச் சன்னம். மற்றதன் நுனியில் ஒரு குழி. உடம்புக்குள் போனதும் விரிந்து, அங்கேயே நின்றுவிடுமாம். போரில்கூடத் தடைசெய்த சாமானாம் அது. பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று மேலிடத்துக்குப் பயம். ஆகவே எல்லாருக்கும் கடினச் சன்னம் என்று தீர்மானித்து, கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லையென்றால் வேலையும் இல்லை.

நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சன்னத்தின் ஆங்கிலப் பெயரில் ‘ஜக்கெற்’, அதாவது சட்டை, என்று ஒரு சொல் இருந்தது. ஜக்கெற் போட்ட சன்னமென்றால் பஞ்சு சுற்றினது போல, பட்டாலும் பெரிதாக நோகாது என்று இந்த மூளைக்குப் பட்டது.

அன்று வோபர்னில் ஒரு பிளாசாவில் வானை நிறுத்தியிருந்தோம்.

“அண்ணை, நீங்கள் சைன் வைச்சது என்னத்துக்கெண்டு தெரியுமோ?”

“ஓம். நோகாத சன்னத்துக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “அது ஆளுக்குள்ளால போய் மற்றப் பக்கத்தால வெளிய வந்திடும். வந்து எங்க போகும்? அங்க பாருங்கோ.”

பார்த்தேன். வங்கிக் கதவுக்கு அருகே ஒரு தாய் தள்ளுவண்டியோடு நின்றாள். இரண்டு கிழவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றார்கள்.

அப்போதுதான் சொன்னாள். 1990இல் அவளுக்குப் பதினேழு வயது. தங்கை வதனிக்குப் பத்து. திருகோணமலையில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் நின்ற ஒரு மனிதரைச் சுட்டார்கள். சன்னம் அவருடைய விலாவைத் துளைத்து வெளியே வந்து வதனியின் கழுத்தில் பட்டது. அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். வதனி வீதியிலேயே போய்விட்டாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் கேட்டது, “ஆர் சுட்டது?” என்றுதான். ஊரில் போர் உச்சத்தில் இருந்த அந்த வசந்தத்தில் ரொறன்ரோவில் எங்கள் வாயில் வேறு கேள்வி இருக்கவில்லை.

“எல்லாரும் அதைத்தான் கேக்கினம். சுட்டவன் அந்த மனுசனைத்தான் பாத்தவன், அண்ணை. வதனியை அவன் பாக்கவே இல்லை. நான் பாக்காமல் சுடமாட்டன்.”

நான் திரும்பவும் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தேன்.

அடுத்த நாள் நீக்கிலாஸின் அறையில் ஒற்றைக் காலில் நின்றாள். கடினச் சன்னத்தை இடுப்பில் கட்டமாட்டேன், மற்றவர்களும் கட்டக் கூடாது என்றாள். நீக்கிலாஸ் கெட்ட மனிதரல்ல. ஆனால் எதுவும் கடதாசியில் இருந்தால்தான் அவருக்கு நித்திரை வரும்.

“தங்கச்சி, மேலிடத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது? சோதிச்சுக் காட்டும். விக்ரோறியா நாள் லீவு முடிய, செவ்வாய்க்கிழமை வரைக்கும் ரைம். இல்லாட்டிச் சைன் வையும், அல்லது துவக்கைத் தந்திட்டுப் போம்.”

அந்த லீவு நாளில்தான் ஊரில் போரோடு எல்லாம் முடிந்தது. என் வீட்டில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. ரீவியை நிறுத்தவும் கை வரவில்லை. கோணேஸ்வரியின் சின்னம்மா குடும்பம் வன்னியில் இருந்தது, ஒரு தகவலும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவள் வரமாட்டாள், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தாள். நித்திரையில்லாமல் கண் இரண்டும் வீங்கியிருந்தன. சீருடை மடிப்புக் குலையாமல் இருந்தது. வைகாசி வெயிலில், கையில் தன்னுடைய தடித்த குளிர்ச்சட்டையைக் கொண்டுவந்தாள்.

“இதென்ன பிள்ளை, ஸ்னோ கொட்டுதோ?” என்று கேட்டு மூக்குடைபட்டேன்.

“இந்த ஊரில அரைவருசம் சனம் இதுக்குள்ளதானே நிக்குது.”

சுடும் கூடத்தில், மனிதத் தசையின் அடர்த்தியில் செய்த ஜெல்லிக் கட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொன்றை வைக்கச் சொன்னாள். “முன்னுக்கு நிக்கிறவன் கள்ளன். பின்னால நிக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியாது” என்றாள். முன் கட்டிக்குக் குளிர்ச்சட்டையைப் போர்த்தினாள்.

முதலில் கடினச் சன்னம். இரண்டு கட்டிகளையும் துளைத்துக்கொண்டு பின்சுவரில் போய் விழுந்தது. நீக்கிலாஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது குழிச் சன்னம். அவள் நம்பியிருந்த சன்னம். சுட்டாள். முன் கட்டிக்குள் அது நிற்கவில்லை. வெளியே வந்து இரண்டாவது கட்டியில் குத்தி நின்றது. தோண்டி எடுத்துப் பார்த்தால் விரியவே இல்லை. சட்டையின் பஞ்சு போய்க் குழியை அடைத்துவிட்டது. துப்பாக்கிக் குழாய் குட்டையானதால் வேகமும் போதவில்லை என்றார் கூடத்துப் பயிற்சியாளர்.

அவளுடைய முகம் செத்துப்போனது. அந்த நேரம் அவளைவிட எனக்குத்தான் ஆத்திரம், யாரில் என்று தெரியாத ஆத்திரம்.

“சரி தங்கச்சி,” என்றார் நீக்கிலாஸ், மெதுவாக. “ரெண்டும் ஒண்டுதானே. சைன் வையும்.”

“இல்லை. இது சரிவராது, அவ்வளவுதான். குழியை முன்னமே அடைச்சு வைச்ச சன்னம் ஏதும் இருக்கோ?”

பயிற்சியாளர் யோசித்தார். உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். குட்டைக் குழாய்க்கென்றே செய்தது, குழிக்குள் றப்பர் போல ஒரு மெத்தென்ற அடைப்பு. பஞ்சு புக இடமில்லை. பட்டவுடன் அந்த அடைப்பே பிதுங்கிச் சன்னத்தை விரித்துவிடும் என்றார். கொம்பனியில் ஒருவரும் கேட்காததால் அது உள்ளேயே கிடந்ததாம்.

ஓட்டை விழுந்த சட்டையைத் திருப்பி, துளையில்லாத பக்கத்தை முன்னுக்கு வைத்தாள். கட்டிகள் இரண்டையும் புதிதாக வைத்தார்கள். ஐந்து முறை சுட்டாள்.

நீக்கிலாஸ் முன் கட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து சன்னங்களும் பூவரசம்பூ மாதிரி விரிந்து உள்ளே நின்றன. “நான் மேலிடத்துக்கு எழுதுறன். இதுதான் எண்டு எழுதுறன்” என்றார். நான் போய், கையெழுத்துப் போட்ட என் பழைய கடதாசியைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன்.

கோணேஸ்வரி எங்களைக் கவனிக்கவில்லை. அவள் இரண்டாவது கட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். உள்ளங்கையால் அதன் முகத்தைத் தடவினாள். பக்கங்களைத் தடவினாள். ஒரு கீறலும் இல்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள்.

“ஒண்டுமில்லை, அண்ணை,” என்றாள். “பின்னால நிண்டவளுக்கு ஒண்டுமில்லை.”