ஏழாம் படுக்கையிலிருந்து வந்த அழைப்பு

படிப்பை முடித்த கையோடு ஃபேரர் பார்க்கில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். நான் முதன்முதலில் எழுதிய டிரைவர் நிரல், ஈசூனிலுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கானது. படுக்கையருகே உள்ள பொத்தானை அழுத்தினால் தாதியர் மேசையில் மணி ஒலித்து விளக்கு எரிய வேண்டும். பொத்தான்கள் இணைந்த மின்னணு அட்டைக்கும் கணினியின் இயங்குதளத்துக்கும் இடையே செய்தி கடத்துவதே என் நிரலின் வேலை.

அதைப் பொருத்திய மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, ஏழாம் படுக்கைக்காரர் பொத்தானை அழுத்தினார், மணி ஒலிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற எழுத்தர், யாழ்ப்பாண வழியினர், துணையின்றி நடக்க இயலாதவர். அரைமணி நேரம் காத்திருந்து, தாமே எழ முயன்று கட்டிலோரம் சரிந்துவிட்டார். நல்ல வேளையாகக் காயமில்லை. மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் அழைப்புக் கருவிகள் அனைத்தையும் கழற்றிவிடப்போவதாக இல்லத்தின் மேலாளர் அறிவித்தார்.

ஓடிச் சென்று பிழைப் பதிவைத் திறந்தேன். ஒரு வரிகூட இல்லை. எந்தத் தவறும் நேரவில்லை என்று என் நிரல் சாதித்தது.

வேறு வழியின்றி, சோதனைக்காலத்தில் எனக்காகவே எழுதி மூடிவைத்திருந்த, நிரல் ஓடும்போதே திரையில் தோன்றும் குறிப்புகளை இயக்கினேன். ஆங்கில எழுத்துகளில் அப்பட்டமான பேச்சுத்தமிழ்! அழைப்பு நுழையும்போது ‘வந்துட்டேன்’, வெளியேறும்போது ‘போறேன்’. அலுவலகத்தில் வேறு எவருக்கும் புரியாது என்ற துணிச்சல். இல்லத்தின் கருவிகளைக் கவனிக்கும் பராமரிப்பாளரோ தமிழர். என் தோளுக்கு மேல் எட்டி ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தார்.

“என்னம்மா, கம்ப்யூட்டரு நம்ம ஆளா?”

“மன்னிச்சுக்குங்க அண்ணே. எனக்காக எழுதுனது.”

“இருக்கட்டும் லா. எப்பவும் வெறும் நம்பரா வரும். இன்னிக்குத்தான் எனக்கு ஏதோ புரியுது.”

காது சிவக்க, அவரைப் பல பொத்தான்களை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியபோது குறையே இல்லை. பொறுமையிழந்தவர் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருந்த ஏழாம், ஒன்பதாம் படுக்கைகளின் பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நொடியில் அழுத்திவிட்டு வந்து திரையைப் பார்த்தார்.

“ஒம்போது வந்துச்சு, போச்சு. ஏழு வந்துட்டேன்னு சொல்லுச்சு, போறேன்னு சொல்லவே இல்லையேம்மா. எங்க போச்சு?”

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். இரண்டு அழைப்புகள் மோதும்போது அட்டை ஒன்றை ஏற்க மறுத்துப் பிழை எண்ணைத் தருகிறது. என் நிரல் அதை வாங்கி, எங்கும் பதியாமல், ‘எல்லாம் நலம்’ என்று கணினிக்குச் சொல்லிவிட்டுப் பாதியில் திரும்பியிருந்தது. இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அவ்விடத்தில் நானே எழுதிய குறிப்பு வேறு! காலை உணவுக்குப் பின் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை தேவைப்படும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயினும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பராமரிப்பாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அங்கேயே அமர்ந்து திருத்தினேன். மறுக்கப்பட்ட அழைப்பு இனி மீண்டும் அனுப்பப்படும். மறுக்கப்பட்ட செய்தி, பராமரிப்பாளர் படித்தவுடன் விளங்கும் முழு வாக்கியமாகப் பதிவாகும். அதில் படுக்கை எண் மட்டும் இருக்கும். ஒருவர் எத்தனை முறை உதவி கேட்டார் என்பது பெயருடன் கணினியில் தங்குவது முறையன்று.

மாலையில் மேலாளர் முன்னிலையில் ஏழும் ஒன்பதும் ஒருசேர அழுத்தப்பட்டன. இரண்டு விளக்குகளும் எரிந்தன. கழற்ற வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் ஏழாம் விளக்கு மறுபடி எரிந்தது. தாதி விரைந்தார்.

“என்ன ஐயா வேணும்?”

“ஒண்டும் வேண்டாம். வாறியளோ எண்டு பாத்தனான்.”

பெரியவர் ஆறு முறை அழுத்திப் பார்த்தார். ஆறு முறையும் தாதி வந்தார். பிறகு பெரியவர் என்னிடம் திரும்பி, “ரெண்டு பேர் ஒரே நேரம் அமத்தினா முதல்ல ஆரிட்ட வருவா?” என்றார். நான் தாதியைப் பார்த்தேன்.

“சும்மா கூப்பிடாதவங்ககிட்ட,” என்றார் தாதி.

பெரியவர் பொத்தானிலிருந்து விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.